பாதி வண்டி கிளம்பிவிட்டது

மே 12, திங்கள்

காரில் சத்தம் கேட்கிறது.

நேற்று வரை கேட்கவில்லை. இன்று காலை இட்லி சாப்பிடும்போது என் மனைவி வசந்தாமணி ஒரு நல்ல செய்தி சொன்னாள். அத்தாணிக்கு அப்பால் ஈஸ்வரமூர்த்தி என்பவர் பெரிய நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். இவள் கல்லூரியில் தாவரவியல் படித்தவள் என்று யாரோ சொல்லி, அவர் கூப்பிட்டுப் பேசி, ஜூன் இரண்டாம் தேதி திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார். ஐம்பத்து நாலு வயதில் முதல் வேலை.

மிகவும் சந்தோஷம் என்று சொன்னேன். இன்னும் ஒரு இட்லி வைக்கச் சொன்னேன்.

எங்கள் ஊர் கோபியிலிருந்து அத்தாணிக்கு பஸ் உண்டு. அங்கிருந்து பண்ணைக்குப் போக வழி கிடையாது. நம் காரிலேயே போய்க்கொள்கிறேன் என்கிறாள். போன மாதம் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் சேரும்போது நான் தடுக்கவில்லை. டெஸ்டில் எப்படியும் தேற மாட்டாள், பிறகு எதற்கு வீண் மனஸ்தாபம் என்று விட்டுவிட்டேன். முதல் தடவையே தேறிவிட்டாள். நானே தினமும் கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் காலையில் எனக்கு நடைப்பயிற்சி, பேப்பர், பேப்பரில் படித்ததைப் பற்றி நண்பர்களுடன் பேச்சு என்று நேரம் சரியாக இருக்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போனேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. கடக் கடக் என்று, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவிலிருந்து.

மே 13, செவ்வாய்

வசந்தாமணி காரில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுப் பார்த்தாள். கச்சேரிமேடு வரை போய் வந்தோம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

"ஓட்டறவனுக்குத்தான் கேக்கும்."

"அப்ப நான் ஓட்டிப் பாக்கறனுங்க."

சத்தம் வருகிற வண்டியைப் புதிதாக ஓட்டுகிறவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. இதை எடுத்துச் சொன்னேன். "அப்படிங்களா" என்றாள். அவள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்த 'அப்படிங்களா' உண்டு. அதில் மரியாதையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மே 15, வியாழன்

ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் காலத்தில் யாருக்கும் காது சரியில்லை.

நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நாலு வருடம் செயலாளராக இருந்தவன் நான். என்னிடம் வந்த எந்த மனுவையும் நான் நிராகரித்தது கிடையாது. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி வைத்தால் மனுதாரருக்கும் நம்பிக்கை இருக்கும், சங்கத்துக்கும் செலவு இருக்காது. சிலர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நம்பிக்கையோடு இருந்தார்கள். அப்படிப் பொறுமையாக வேலை பார்த்தவனுக்கு ஒரு காரைப் பிரிப்பது பெரிய காரியமா?

மே 17, சனி

இன்று கன்சோலைக் கழற்றினேன்.

பிற்காலத்தில் யாருக்காவது உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில், கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் சுற்றி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கூடு இருக்கிறதே, தண்ணீர் பாட்டில் வைக்கக் குழியும் சில்லறை போட ஒரு பள்ளமும் கொண்டது, அதற்குத்தான் கன்சோல் என்று பெயர். செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. ஒரு வெள்ளைக்காரர் புரியாத பாஷையில் பேசிக்கொண்டே ஆறு நிமிடத்தில் கழற்றி வைத்தார். அவருடைய காரில் ஸ்டியரிங் இடது பக்கம். எல்லாவற்றையும் மாற்றி நினைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் எனக்கு நாலு மணி நேரம் ஆயிற்று.

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பிறகு கியரின் தலையில் உள்ள குமிழைத் திருகி எடுக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள தோல் உறை நாலு பக்கமும் கிளிப்பில் மாட்டியிருக்கும், விரலை விட்டு நெம்பினால் வந்துவிடும். எனக்கு மூன்று பக்கம் வந்தது. நாலாவது கிளிப் உடைந்தது. பாட்டில் குழிக்குள் இருக்கும் ரப்பர் தட்டை எடுத்தால் அடியில் இரண்டு ஸ்க்ரூ. சீட்டை முன்னால் தள்ளினால் பின்புறத்தில் இரண்டு போல்ட். செல்போன் சார்ஜ் போடும் இடத்துக்கு வருகிற வயரைப் பிடுங்கிவிட்டு, ஹேண்ட் பிரேக்கை மேலே தூக்கிக்கொண்டு, கன்சோலைப் பின்பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும். டயருக்குக் கல் வைத்துவிட்டுச் செய்வது நல்லது. நான் வைக்கவில்லை. எடுத்து முடித்து ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் கார் கேட் வரை போய் நின்றது.

சீட்டைத் தள்ளும்போது ஒன்று கவனித்தேன். டிரைவர் சீட் ஏற்கெனவே நன்றாக முன்னால் தள்ளியிருந்தது. அப்படி உட்கார்ந்தால் எனக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். போன வாரம் நடைப்பயிற்சியிலிருந்து திரும்பியபோது இரண்டு நாள் பானட் சூடாக வேறு இருந்தது. கோடைக் காலம். சீட்டைப் பூனை ஏதாவது தள்ளியிருக்கலாம்.

கன்சோலுக்கு அடியில் கிடைத்தவை: ஏலக்காய், ஹேர்பின், எங்கள் மகள் தாரணியின் கல்லூரி அடையாள அட்டை, பாதி கடலை மிட்டாய். சத்தம் தரக்கூடிய பொருள் எதுவும் இல்லை. பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்று இதிலிருந்தே தெரிகிறது.

மே 18, ஞாயிறு

இடுப்பு.

மே 20, செவ்வாய்

கன்சோலை ஹாலில் சோபாவின் மேல் வைத்திருக்கிறேன். வெளியில் வைத்தால் தூசி படும்.

வசந்தாமணி அதை வீட்டுச் சாமானாகச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். பாட்டில் குழியில் டிவி ரிமோட் நிற்கிறது. சில்லறைப் பள்ளத்தில் அவளுடைய தைலம். மாலையில் எனக்குக் காபி கொண்டுவந்து இன்னொரு குழியில் டம்ளரை இறக்கி வைத்துவிட்டு, "சரியாப் பொருந்துதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியாகத்தான் பொருந்தியது. காபியும் ஆறாமல் இருந்தது.

சமையலறையில் ஏதோ பெரிய ஒழுங்குபடுத்தும் வேலை நடக்கிறது. துவரம் பருப்பு, பாசிப் பருப்பு, கடலைப் பருப்பு என்று டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுகிறாள். நாற்பது பொருளையும் மூடியைத் திறக்காமலே கண்டுபிடிக்கிறவளுக்கு இது எதற்கு? கேட்டால் சிரிக்கிறாள்.

மே 22, வியாழன்

பெங்களூரிலிருந்து தாரணி பேசினாள்.

"அப்பா, அம்மா வேலைக்குப் போறது உங்களுக்கு இஷ்டந்தானே?"

"முழு இஷ்டம்மா. நான் எதுக்கு வேண்டாங்கறேன்?"

"அப்புறம் எதுக்குக் காரைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இந்தத் தலைமுறைக்கு எதையும் எதனோடும் கோத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இவள் அம்மாவின் விஷயத்தில் நான் எப்போதும் பெருந்தன்மையாகத்தான் நடந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு விதைப் பண்ணையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வேறு யாராவது என்றால் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். அதில் என் தவறு ஒன்றுமில்லை. வசந்தாமணியும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

மே 24, சனி

உடைந்த கிளிப்புக்கு ஆர்டர் போட்டிருப்பதாக வசந்தாமணியிடம் சொன்னேன்.

போட வேண்டும்.

மே 26, திங்கள்

இன்று மதியம் என்னை அடுப்பின் முன் நிற்க வைத்துக் குக்கர் வைக்கச் சொன்னாள். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில். கை வலிக்கிறது போலிருக்கிறது, பாவம். வைத்தேன். சோறு நன்றாகவே வந்தது. நாளைக்கு ரசம் என்றாள்.

சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கன்சோல் இல்லாம வண்டி ஓடாதுங்களா?"

நல்ல கேள்வி. விளக்கமாகவே பதில் சொன்னேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் பிளாஸ்டிக் கூடு. ஆனால் காரின் நடு மையத்தில் ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா வைத்திருப்பார்கள்? கியருக்கு அதுதான் ஆதாரம். ஹேண்ட் பிரேக்குக்குத் துணை. அது இல்லாமல் வண்டியை எடுத்தால் பாரம் ஒரு பக்கமாகப் போய்விடும். போலீசும் பிடிக்கும். இன்ஷூரன்சும் வராது.

"அப்படிங்களா" என்றாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். யாரிடம் பேசினாள் என்று நான் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்ட கணவன் இல்லை. தாரணியின் குரல் மட்டும் படிக்கட்டு வரைக்கும் கேட்டது, சிரிப்புச் சத்தத்தோடு.

மே 28, புதன்

கிளிப் கூரியரில் வந்துவிட்டது. வசந்தாமணியின் பெயருக்கு வந்தது.

"நீங்க போட்ட ஆர்டர் எங்கயோ நின்னு போச்சாட்ட இருக்குதுங்க. அதுனால நானும் ஒண்ணு போட்டு வெச்சனுங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். சரியான கிளிப்தான். காரின் மாடலும் வருடமும் பாக்கெட்டின் மேல் எழுதியிருந்தது.

ஒரு மணி நேர வேலை. இன்றே மாட்டியிருப்பேன். ஆனால் காலண்டரைப் பார்த்தால் இன்று எனக்குச் சந்திராஷ்டமம். இரும்பு வேலை ஆகாது. நாளையும் அதன் மிச்சம் இருக்கிறது. காலண்டர் கையில் இருக்கும்போதே ஜூன் இரண்டையும் பார்த்தேன். அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. திங்கட்கிழமை கிழக்கே சூலம்!

இதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தேன்? உடனே போய்ச் சொன்னேன்.

"வசந்தா, திங்கக்கிழமை கிழக்க போகக் கூடாது. முதல் நாள் வேலை. சூலத்துக்கு எதிரா யாராவது கெளம்புவாங்களா?"

"அத்தாணி வடகிழக்குங்க."

"வடகிழக்குல கிழக்கு இல்லையா?"

வியாழக்கிழமை போய்ச் சேரலாம் என்று நானே யோசனை சொன்னேன். ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டுக் கேட்டாள். திங்கட்கிழமை வரவில்லை என்றால் அத்தாணியிலேயே இன்னொரு பெண் தயாராக இருக்கிறாளாம், அவளை எடுத்துக்கொள்வாராம். நல்ல மனிதர், தெளிவாகப் பேசுகிறார். சரி, நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று ஆறுதல் சொன்னேன்.

"நீங்க சொல்றதும் சரிதானுங்க. சகுனத்தை மீறக் கூடாது" என்றாள். "அப்ப பரஸ்தானம் வெச்சுட்டா ஆச்சுங்க."

பரஸ்தானம் என்னும் ஏற்பாட்டை நான் மறந்தே போயிருந்தேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், முன்னதாகவே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கான பொருள் ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பின்னால் எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. எங்கள் அப்பா பழனிக்குப் போக ஒரு சொம்பை வைத்துவிட்டு வருவார்.

சாஸ்திரத்தில் இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் பை போனாலும் கார் போக வேண்டுமே. கார் ஹாலில் பாதி, போர்ட்டிகோவில் பாதியாகக் கிடக்கிறது. "தாராளமா வை" என்றேன்.

மே 30, வெள்ளி

காலை ஒன்பதரை மணி, நல்ல நேரம். எதிர் வீட்டுக் கனகமணி வந்தாள். கணவர் கோயமுத்தூரில் வேலை, இவள் வீட்டோடு தையல் மெஷின் வைத்திருக்கிறாள். வசந்தாமணியின் எல்லாக் காரியத்துக்கும் கூட்டு. அவள் வீடு எங்களுக்கு நேர் கிழக்கு. வசந்தாமணி ஏதாவது கைப்பையையோ சேலையையோ அவளிடம் கொடுத்து அனுப்பப் போகிறாள் என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேரும் நேராகச் சோபாவுக்கு வந்தார்கள். ரிமோட்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்கள். தைலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். கன்சோலின் நெற்றியில், அதாவது கியர் வருகிற ஓட்டைக்கு மேலே, குங்குமம் வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

"இதென்ன பண்றீங்க?"

"பரஸ்தானமுங்க" என்றாள் வசந்தாமணி.

"பயணப் பொருளத்தானே வெக்கணும்!"

"வண்டிலதானுங்க போறேன். வண்டியோட சாமான விடப் பயணப் பொருள் எதுங்க? பாதி வண்டி நல்ல நேரத்துல கெளம்பிருச்சு. மீதி திங்கக்கிழம வரும்."

"கொஞ்சம் வழி விடுங்ணா, நல்ல நேரம் போகுது" என்றாள் கனகமணி.

நான் வழி விட்டேன். வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தெருவில் இரண்டு பெண்கள் ஒரு கார் பாகத்தைச் சாமி தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு போவதை நாலு வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள்.

மே 31, சனி

கனகமணி வீட்டுக்குப் போனேன். கன்சோலைப் பூஜை அறையில் வைத்திருக்கிறாள். மல்லிகைச் சரம் போட்டிருக்கிறது. சாம்பிராணி வாசம்.

கிளிப் கையில் இருக்கிறது, மாட்டிவிடுகிறேன், கொடு என்று கேட்டேன். திங்கட்கிழமைக்குள் மாட்டிவிடும் எண்ணம் உண்மையிலேயே இருந்ததா என்று யாராவது கேட்கலாம். பரிசீலித்துக்கொண்டிருந்தேன்.

"பயணம் முடியாம பரஸ்தானத்தத் திருப்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுங்ணா. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் சூலமெல்லாம் பாக்கறவீங்க."

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம். பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் கார் கிடையாது.

வெளியே போய்ப் பார்த்தால் வசந்தாமணி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பேட்டரி வயரை மாட்டியிருக்கிறாள். கியர் குமிழைத் திருகியிருக்கிறாள். கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர். நடுவில் மூடி இல்லாமல் கம்பியும் கேபிளும் தகரமும் அப்படியே தெரிகின்றன. சார்ஜ் வயர் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், எடுத்தாள். கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் விழுந்தன. பாரம் எந்தப் பக்கமும் போகவில்லை.

"ஓடுதுங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 2, திங்கள்

ஏழு மணிக்கு நீலக் கரை போட்ட காட்டன் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு வாய் தயிர் சாப்பிட்டாள். பரஸ்தானம் வைத்த பிறகு இது தேவையில்லை என்றேன். உங்களுக்கு மனசு ஆறட்டுங்க என்றாள். கனகமணி எதிர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

காரில் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு தடவை கூடத் தேடாமல் சீட்டுக்கு அடியிலுள்ள நெம்புகோல் கைக்கு வந்தது. கண்ணாடியை இறக்கினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க."

போனேன்.

"நான் போகட்டுங்களா, வேண்டாங்களா? ஒரே வார்த்தைல சொல்லுங்க. பாக்கலாம், யோசிக்கலாம், அதெல்லாம் ஆவாதுங்க."

டயரில் காற்று பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாயிற்று என்றாள். வழியில் கரும்பு லாரி வரும் என்றேன். வரட்டுங்க என்றாள். தாரணியிடம் சொல்லிவிட்டாயா என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கனகமணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்தில் இப்படி ஒரு மனுதாரர் என் மேஜைக்கு முன்னால் நின்றதே இல்லை.

"வேண்டாம்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

"போகாத வசந்தா. எனக்கு இதுல இஷ்டமில்ல. ஆரம்பத்துல இருந்தே இல்ல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த வீட்டுல நான் ஒருத்தனே என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்குது."

அவள் இன்ஜினை அணைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடியை எழுதாமல் விட்டால் இந்த டைரி பொய்யாகிவிடும்.

"இப்பத்தானுங்க நேராச் சொல்லியிருக்கீங்க" என்றாள். "அன்னிக்கு வெதப் பண்ணை வேலை வந்தப்ப இத மாதிரி வேண்டாம்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே எதுத்துப் பேசியிருப்பனுங்க. சண்ட போட்டிருப்பேன். எங்கப்பாவக் கூட்டிட்டு வந்திருப்பேன். நீங்க வேண்டாம்னே சொல்லல. நான் எதுக்குன்னு எதுத்துப் பேசறது? நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்து, எனக்கு வயசாயிருச்சுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்.

"இப்பச் சொல்லிட்டீங்க. எனக்கும் பதில் சொல்ல முடியுது. நான் போறனுங்க."

இன்ஜினைப் போட்டாள். முதல் கியரில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி போட்டாள். இரண்டாவது தடவை நிற்கவில்லை. மூடி இல்லாத அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்து இரண்டாவது கியருக்கு மாற்றுவது தெரு முனை வரை எனக்குக் கேட்டது. கேட்டை நான்தான் சாத்தினேன்.

மதியம் குக்கர் வைத்தேன். துவரம் பருப்பு எது என்று எழுதியிருந்தது. ரசம் கொஞ்சம் காரம். சாப்பிடும்போது அழுகை வந்தது. காரத்தால் இருக்கும் என்று எழுதப் போனேன். இல்லை, காரத்தால் இல்லை.

ஆறேகாலுக்கு வந்தாள். சேலையில் செம்மண். மா ஒட்டுக் கட்டுவதைப் பற்றி எட்டு மணி வரை பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கன்சோலை மாட்டிவிட்டேன். நாற்பது நிமிடம்.

கனகமணி வீட்டிலிருந்து இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தோம். காய்ந்த பூவை எடுத்துவிட்டுத் துடைத்தேன். கழற்றியதைத் தலைகீழாகச் செய்தால் போதும்: முன்பக்கத்தை முதலில் உள்ளே நுழைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி, பின்பக்கத்தை இறக்க வேண்டும். சார்ஜ் வயரை மாட்டாமல் மூடிவிடக் கூடாது, மூடிவிட்டேன், மறுபடி திறந்தேன். வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தோல் உறையின் புதுக் கிளிப்பை அழுத்தியபோது டக் என்று உட்கார்ந்தது. டயருக்கு இந்தத் தடவை கல் வைத்திருந்தேன்.

"நல்லா மாட்டியிருக்கீங்க" என்றாள்.

நாளை காலை ஏழு மணிக்கு அவள் கிளம்ப வேண்டும். எனக்கு வேண்டாம் என்றுதான் இன்னமும் இருக்கிறது. கேட் பக்கத்தில் நின்று அதைச் சொல்லப் போகிறேன். போன வாரம் ஐந்து நாளும் சொன்னேன். அவளும் ஐந்து நாளும் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏன் போகிறாள் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டது கிடையாது.